மேலாளரின் நகரத்தில் நமக்கு என்ன இடம்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு சண்டை நடந்தது. நண்பர் ஒருவர், நம் ஆள்தான், நன்றாகப் படித்தவர், எழுந்து நின்று சொன்னார்: "இந்தக் கவுன்சிலருங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, படிச்ச ஒரு அதிகாரிகிட்ட ஊரைக் குடுத்துடணும். அமெரிக்காவுல பாதி ஊரு அப்பிடித்தான் நடக்குது. சாதியும் கிடையாது, கட்சியும் கிடையாது." கூட்டத்தில் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் கல்லூரி மாணவர்கள் அதிகம். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு நகராட்சிச் சட்டம் எங்கே தெரியும் என்று ஒரு தோழர் கிண்டலும் பண்ணினார். அந்தக் கிண்டலுக்காகவே உட்கார்ந்து படித்தேன். நிர்வாக இயல் படித்தவர் தேடுவதைத் தேடாமல், ஒரு பிரதியை வாசிக்கிற மாதிரி, யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், யாரைப் பேச விடவில்லை என்று வாசித்தேன். அந்த வாசிப்புதான் இது.

முதலில் விஷயம். மன்ற–மேலாளர் முறை என்றால் இவ்வளவுதான்: மக்கள் ஒரு சின்ன நகர மன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மன்றம் சம்பளத்துக்கு ஒரு மேலாளரை அமர்த்தும். சாலை, தண்ணீர், துப்புரவு, ஆள் எடுப்பது, ஆளை நீக்குவது எல்லாம் மேலாளர் கையில். மேயர் இருப்பார், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ரிப்பன் வெட்டுவார். மேலாளர் சரியில்லை என்றால் மன்றம் வாக்கெடுத்து அனுப்பிவிடலாம். இதை நம்ம ஊர் ஆணையரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே ஆணையரை அனுப்புவது மாநில அரசு. மன்றம் அவரை மாற்ற முடியாது. நண்பர் கனவு காண்கிற 'கவுன்சிலர் இல்லாத ஊர்' நமக்குப் புதுசும் இல்லை. சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டு 1996வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகள் கையில்தான் இருந்தது. 2016இல் இருந்து 2022வரை இன்னொரு தடவை. அந்த ஆண்டுகளில் சாக்கடைக் குழிக்குள் யார் இறங்கினார்கள் என்று நண்பரைக் கேட்க வேண்டும்.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர் ரிச்சர்ட் சைல்ட்ஸ் என்கிற விளம்பரத் துறைக்காரர். கம்பெனிக்கு இயக்குநர் குழு, அதற்குக் கீழே ஒரு மேலாளர் என்பதே அவர் மனதில் இருந்த மாதிரி. நகரம் ஒரு கம்பெனி, குடிமக்கள் பங்குதாரர்கள். இந்த உவமையை எம்.ஏ. வகுப்பில் அணியிலக்கணம் படித்த யாரும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். உவமானத்தில் இருப்பது எல்லாம் உவமேயத்துக்கு வருமா? கம்பெனியில் பங்கு இருப்பவனுக்குத்தான் வாக்கு. பங்கு இல்லாதவன் அங்கே வேலைக்காரன். சைல்ட்ஸின் முழு வடிவத்தை முதலில் ஏற்றுக்கொண்ட ஊர் தென் கரோலினா மாநிலத்தின் சம்டர், 1912இல். அந்த மாநிலம் 1895இல் புது அரசமைப்பு எழுதி, கறுப்பின மக்களின் வாக்குரிமையை அநேகமாகப் பறித்து முடித்திருந்தது. அதாவது 'திறமையான நிர்வாகம்' கால் வைத்த முதல் ஊரில் பங்குதாரர் யார், வேலைக்காரர் யார் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. பாடப்புத்தகங்கள் சம்டரைச் சொல்லும். 1895ஐச் சொல்லாது.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு, நிர்வாகம் என்பது ஒரு தொழில் நடத்துகிற காரியம், அதை அரசியல் சச்சரவுக்கு வெளியே வைக்கணும் என்ற கோட்பாட்டுக்கு மூலக் கட்டுரை என்று எல்லாரும் காட்டுவது உட்ரோ வில்சன் 1887இல் எழுதியது. அதே வில்சன் 1913இல் குடியரசுத் தலைவர் ஆனார். அவருடைய ஆட்சியில்தான் மத்திய அரசின் கருவூலத்திலும் அஞ்சல் துறையிலும் கறுப்பு ஊழியர்களுக்குத் தனி மேசை, தனிச் சாப்பாட்டு இடம், தனிக் கழிப்பறை என்று பிரித்தார்கள். 'அரசியல் கலக்காத' நிர்வாகம்! தனிக் குவளை நமக்குத் தெரியும். அது 'நிர்வாக வசதி' என்ற பெயரிலும் வரும் என்பதைத்தான் தெரிந்துகொள்ளணும்.

1913இலேயே ஓஹையோவின் டேட்டன் நகரத்தில் பெருவெள்ளம். தேசிய காசுப்பதிவு இயந்திரக் கம்பெனியின் முதலாளி ஜான் பாட்டர்சன் தன் ஆலையில் படகு கட்டி மக்களைக் காப்பாற்றினார். உண்மையிலேயே காப்பாற்றினார். அந்த வருஷம் பிப்ரவரியில் போட்டிக் கம்பெனிகளை ஒழிக்கச் சதி செய்ததாக நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்திருந்தது. மேல்முறையீட்டில் பின்னால் அது ரத்தானது. குற்றவாளி மார்ச்சில் நாயகன் ஆனார், ஆகஸ்டில் அவர் ஆதரித்த மேலாளர் சாசனம் வாக்கெடுப்பில் ஜெயித்தது. ஊர் மூழ்கும்போது கவுன்சிலர் எங்கே இருந்தான் என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இந்தக் கோபம் பொய் இல்லை. கோபம் யாருடைய கஜானாவுக்குப் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

இப்போது சின்சினாட்டி. என் வாசிப்பில் நான் அதிக நாள் தங்கிய ஊர் இது.

அந்த ஊரை ஜார்ஜ் காக்ஸ் என்கிற சாராயக்கடைக்காரர் ரொம்ப காலம் கையில் வைத்திருந்தார். குடியரசுக் கட்சி, வார்டுக்கு வார்டு ஆள். அவருக்குப் பின்னால் வந்த ஹைனிக்கா ஊரில் குடியிருக்காமலே, நியூயார்க்கில் நாடகக் கம்பெனி தொழில் பார்த்துக்கொண்டே சின்சினாட்டியை நடத்தினார். 32 பேர் கொண்ட மன்றத்தில் 31 பேர் ஒரே கட்சி. ஊர் கடனில், தெருவெல்லாம் குழி. 1923இல் மர்ரி சீசன்குட் என்ற வழக்கறிஞர் இதை எதிர்த்துப் பேசினார். வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னமான கழுகும் சேவலும் இருக்கக் கூடாது என்று 'பறவை இல்லாத வாக்குச்சீட்டுக் கழகம்' ஒன்று நடத்தினார்கள். (சின்னத்தைப் பார்த்துக் குத்துகிற நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்; எழுத்தறியாத மனிதருக்குச் சின்னம் எவ்வளவு பெரிய துணை என்பது அந்தக் கழகத்துக்காரர்களுக்குத் தோன்றவில்லை.) 1924 நவம்பரில் புதுச் சாசனம் இரண்டு மடங்குக்கும் மேலான வாக்கில் ஜெயித்தது. 32 பேர் 9 பேர் ஆனார்கள். மேலாளர் வந்தார்.

இதுவரைக்கும் நண்பர் சொன்ன கதைதான். நண்பர் சொல்லாமல் விட்டது பாதிச் சாசனம். சின்சினாட்டிக்காரர்கள் மேலாளரை மட்டும் கொண்டுவரவில்லை. வாக்கை எண்ணுகிற முறையையும் மாற்றினார்கள். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போடுவார். ஒன்பது இடத்துக்குப் பத்தில் ஒரு பங்கை ஒரு வாக்கு தாண்டினால் ஒருவர் ஜெயித்துவிடுவார். மிஞ்சிய வாக்கும், தோற்றவர் வாக்கும் அடுத்த எண்ணுக்குப் போகும். ஊர் பூராவுக்கும் ஒரே தொகுதி; ஆனால் பெரும்பான்மை மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள முடியாது. பத்தில் ஒரு பங்கு ஆட்கள் ஒன்றாக நின்றால் அவர்களுக்கு ஓர் ஆள் நிச்சயம். யாருடைய தயவும் வேண்டாம்.

இந்த முறையில் 1931இல் ஃபிராங்க் ஹால் என்ற ஓய்வு பெற்ற துப்பறியும் காவலர் மன்றத்துக்குப் போனார். சின்சினாட்டி மன்றத்தில் முதல் கறுப்பர். முந்தைய 32 இடத்தில் கிடைக்காதது 9 இடத்தில் கிடைத்தது. வார்டு இருந்தால் நமக்கு நல்லது, ஊர்த் தொகுதி என்றால் கெட்டது என்று சூத்திரமாகப் பேசுகிற நம் தோழர்களும் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

1949இல் தியோடர் பெர்ரி வந்தார். இவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசில்லை. கென்டக்கியில் பிறந்தவர். அம்மா வாய் பேசாத, காது கேளாத வீட்டு வேலைக்காரி. பள்ளியில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். வெள்ளை நடுவர்கள் தள்ளினார்கள். மறுபடி 'தாமஸ் பிளேஃபேர்' என்ற புனைபெயரில் எழுதிக் கொடுத்தார், பரிசு கிடைத்தது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் போட்டதும் நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஏறிய கதையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'பிளே ஃபேர்' என்றால் 'ஒழுங்கா ஆடு' என்று அர்த்தம். பதினெட்டு வயசுப் பையனின் நக்கல்.

பெர்ரி வழக்கறிஞர் ஆனார். இரண்டாம் உலகப் போரின்போது கறுப்பு விமானப்படை அதிகாரிகள் மீது ராணுவம் போட்ட வழக்கில் அவர்களுக்காக நின்றார். மன்றத்தில் 1955இல் துணை மேயர். இந்த முறையில் மேயரை மன்றமே தன் உறுப்பினர்களில் இருந்து தேர்ந்தெடுக்கும். அடுத்த மேயர் யார் என்ற கணக்கு எல்லார் மனதிலும் ஓட ஆரம்பித்தது.

1957இல் விகிதாச்சார முறையை ஒழிக்க வாக்கெடுப்பு வந்தது. அதற்கு முன்னால் நான்கு தடவை முயன்று தோற்றிருந்தார்கள். ஐந்தாவது தடவை ஜெயித்தார்கள். மேடையில் பேசியது எண்ணுவது சிக்கல், மக்களுக்குப் புரியவில்லை, குழுக்களை வளர்க்கிறது என்பது. வீட்டு வாசலில் பேசியது வேறு: ஒரு நீக்ரோ மேயர் ஆகணுமா? புதிய முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்பது வாக்கு, அதிக வாக்கு வாங்கிய ஒன்பது பேர் ஜெயிப்பார்கள். பெரும்பான்மை ஒன்பதையும் அள்ளலாம். அந்த நவம்பரிலேயே துணை மேயர் பெர்ரி தோற்றார்.

இங்கேதான் இந்த மொத்த விவாதத்தின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். சாசனத்தின் ஒரு பாதியை வெட்டி எறிந்தவர்கள் இன்னொரு பாதியைத் தொடவில்லை. மேலாளர் அப்படியே இருந்தார். 'அரசியல் கலக்காத நிர்வாகம்' ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. மேலாளர் முறையைப் புகழ்கிற புத்தகங்கள் சின்சினாட்டியை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது எந்தப் பாதியைச் சொல்கின்றன, எந்தப் பாதியை ஒரு வரியில் கடக்கின்றன என்று பாருங்கள். நிர்வாகம் நடுநிலை என்றால், அந்த நடுநிலை எந்த மன்றத்துக்கும் அதே விசுவாசத்தோடு உழைக்கும் என்றுதான் அர்த்தம். மன்றத்தில் நாம் இருக்கிறோமா என்று அது கேட்காது.

அடுத்த ஆண்டுகளில் நடந்தது வெஸ்ட் எண்ட். கறுப்பின மக்கள் அடர்த்தியாக வாழ்ந்த பகுதி. அதில் கென்யன்–பார் என்று ஒரு துண்டைக் குறித்து, இடித்து, 25,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பர்கள். பெர்ரி தோற்றதால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்தின் 1948 பெருந்திட்டத்திலேயே வெஸ்ட் எண்டை மாற்றிக் கட்டும் யோசனை இருந்தது, பெர்ரி மன்றத்தில் இருந்தபோதும் அது நகர்ந்துகொண்டுதான் இருந்தது. இடிப்பதற்கு முன்னால் நகர நிர்வாகம் ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்தது. படத்தில் கட்டடத்துக்கு முன்னால் ஓர் ஆள் எண் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் சில படங்களில் வாசலில் குழந்தைகள், திண்ணையில் பெண்கள், கடைப் பெயர்ப்பலகை, தேவாலயம். ஆயிரக்கணக்கில் படங்கள். கோப்பு முழுமையாக, சுத்தமாக இருக்கிறது. நல்ல நிர்வாகம் என்றால் இதுதான், குறையே சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் மேலாளர் முறையை எதிர்ப்பதுதான் ஒடுக்கப்பட்டோர் நிலைப்பாடா? நானும் அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தேன். டல்லஸ் வந்து கெடுத்தது.

டல்லஸில் மேலாளர் முறை 1931இல் வந்தது. ஊரின் பெரிய செய்தித்தாளும் தொழிலதிபர்களும் கொண்டுவந்தது. ஒன்பது இடமும் ஊர்த் தொகுதி, விகிதாச்சாரம் கிடையாது. பெரிய கம்பெனித் தலைவர்கள் 1937இல் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஊரை வழிநடத்தினார்கள். கறுப்பின மக்கள் வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். 1970களில் எட்டு வார்டும் மூன்று பொது இடமும் என்று ஓர் இறக்கம். ராய் வில்லியம்ஸ், மார்வின் கிரென்ஷா என்ற இருவர் மறுபடி வழக்குப் போட, 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முறையும் சட்டவிரோதம் என்றது. 1991இல் 14 வார்டு, ஊருக்குப் பொதுவாக ஒரு மேயர் என்று தேர்தல் நடந்தது. கறுப்பர்களும் லத்தீன் மக்களும் தங்கள் வார்டுகளில் இருந்து மன்றத்துக்கு வந்தார்கள்.

2005இல், மேலாளரை நீக்கிவிட்டு மேயரிடமே அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்று வாக்கெடுப்பு. மேலாளர் யாருக்கும் பதில் சொல்லாத ஆள், மேயரை நேராக மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஜனநாயகம் அதுதானே என்றார்கள். கேட்க நம்ம பேச்சு மாதிரியே இருக்கிறது. ஆனால் தெற்கு டல்லஸின் கறுப்பு வாக்காளர்கள் இதைப் பெருவாரியாக எதிர்த்தார்கள். அந்த மே மாதத்திலும் தோற்றது, நவம்பரில் கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்ததும் தோற்றது. ஏன் எதிர்த்தார்கள்? அறுபது வருஷம் சண்டை போட்டு வாங்கிய இடம் மன்றத்தில் இருக்கிறது. மேலாளரை அமர்த்துவதும் நீக்குவதும் மன்றம். அந்த அதிகாரத்தை ஊர்ப் பெரும்பான்மை தேர்ந்தெடுக்கிற ஒரே மனிதரிடம் கொடுத்தால் வாங்கிய இடத்தில் வெறும் நாற்காலிதான் மிஞ்சும். நாம் உள்ளே போகிற நேரம் பார்த்து அதிகாரம் வேறு அறைக்குப் போய்விடுகிறது என்பதை அவர்கள் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கம்பெனிக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய வீட்டை அந்த மக்கள் காவல் காத்த காட்சி எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. விளங்க வைத்தது ஒரு மனு.

சில வருஷம் முன்னால் ஒரு நகராட்சியில் துப்புரவுத் தோழர்களோடு போனேன். கையுறை, காலணி, பிடித்தம் செய்து கட்டாத சேமநலப் பணம். ஆணையர் மரியாதையாகத்தான் பேசினார். "இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயங்க, மன்றத்துல தீர்மானம் போடணும்." தலைவரிடம் போனோம். "அது நிர்வாகம்பா, கமிஷனர்தான் பார்க்கணும்." எங்களோடு வந்த தனி வார்டு கவுன்சிலர் அக்கா, அவங்களே ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள், திரும்பி வரும்போது சொன்னாங்க: "ரெண்டு பேருமே கதவைக் காட்டுறாங்க. ரெண்டு கதவும் தெருவுக்குத்தான் வருது." அந்த அக்கா மன்றத்தில் பேச எழுந்தால் பொருள் நிரலில் இல்லை என்று உட்கார வைப்பார்கள். வில்சன் 1887இல் பிரித்துவைத்த அரசியலும் நிர்வாகமும் எங்கள் ஊரில் எதற்குப் பயன்படுகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அதனால் நண்பரின் கைதட்டலை நான் கேலி செய்ய மாட்டேன். நம் ஆட்கள் கலெக்டர் ஆபீஸுக்கு நடக்கிற காரணம் எல்லாருக்கும் தெரியும். ஊர்த் தலைவர் ஆதிக்கச் சாதி, அதிகாரி வெளியூர்க்காரர், ஒருவேளை காது கொடுப்பார். கிராமத்தைத் தூக்கிப்பிடித்தவர்களை அம்பேத்கர் ஏன் நம்பவில்லை என்பதும் தெரியும். ஆனால் அதே அம்பேத்கர் 1919இல், இருபத்தேழு வயசில், சவுத்பரோ குழு முன்னால் போய் என்ன வாதாடினார்? கருத்துகளுக்குப் பிரதிநிதித்துவம் இருந்தால் போதாது, ஆட்களுக்கும் வேண்டும். தீண்டப்படாதவர் தாமே உள்ளே உட்கார வேண்டும் என்றார். நியூயார்க்கில் 1913 முதல் 1916வரை அவர் படித்த காலத்தில்தான் டேட்டனின் மேலாளர் கதை அமெரிக்கா பூராவும் பரவிக்கொண்டிருந்தது. அவருடைய கோரிக்கை நல்ல அதிகாரி வேண்டும் என்பதாக இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். விகிதாச்சார முறையை அரசமைப்பு அவையில் 1949 ஜனவரியில் நிராகரித்துப் பேசியவரும் அம்பேத்கர்தான். பரவலான எழுத்தறிவு இல்லாத நாட்டில் வரிசை எண் போடுவது நடக்காது, அரசு உறுதியாக இருக்காது, சிறுபான்மைக்கு ஒதுக்கீடு இருக்கிறதே என்பது அவர் வாதம். பூனா ஒப்பந்தத்தின் கசப்பைக் குடித்த மனிதர் அப்படிப் பேசினார். ஒதுக்கீட்டு இடத்திலும் யார் வாக்கில் யார் ஜெயிக்கிறார் என்ற கேள்வி 1932இல் இருந்து முடியவில்லை என்பது எங்கள் அக்காவைப் பார்த்தாலே தெரியும். எழுத்தறிவு பற்றி அவர் சொன்ன தடை இன்றைக்கு அதே அளவில் இல்லை. சின்சினாட்டியின் வெட்டி எறியப்பட்ட பாதியை நாம் ஏன் ஒரு தடவைகூடப் பேசிப் பார்க்கவில்லை? நகராட்சி அளவிலாவது? அடுத்த கூட்டத்துக்கு இதையே வைக்கலாம் என்று வட்டத்தில் சொல்லியிருக்கிறேன். நண்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கோபமாகத்தான்.

பெர்ரி 1963இல் மறுபடி மன்றத்துக்கு வந்தார். 1965இல் வாஷிங்டன் போய் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பினார். 1972இல் மன்றம் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. துணை மேயர் ஆகிப் பதினேழு வருஷம். அவர் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தபோது கென்யன்–பார் என்ற பெயரே வழக்கில் இல்லை. குவீன்ஸ்கேட் என்று பெயர் மாற்றி, கிடங்கும் தொழிற்கூடமும் கட்டியிருந்தார்கள். மேலாளர் அறை அதே கட்டடத்தில்தான் இருந்தது.